பதம்

மான்செஸ்டர் நகரத்துச் செங்கல் சுவர்கள் காலையிலேயே மழையில் நனைந்து கறுத்திருந்தன. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றின் மூலையில் உயரமான ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். போட்டுக்கொள்ள வெள்ளைக் கோட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் கொடுத்தார்கள். எதையும் தொடக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. பேசவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கண்டதை எழுதுகிறேன்.

திங்கள், காலை

அறையின் நடுவே ஒரு மேசை. மேசைமேல் தையல் மிஷின் பருமனில் ஓர் எந்திரம். தையல் மிஷினில் ஊசி இருக்கிற இடத்தில் இதில் ஒரு சிரிஞ்ச் செங்குத்தாக மாட்டியிருக்கிறது. அதன் தலையிலிருந்து ஒரு காற்றுக்குழாய் சுவர்ப்பக்கம் போகிறது. கீழே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடித் தகடு. முப்பரிமாண அச்சு எந்திரம் இவ்வளவுதான்.

அதன் முன்னால் நிற்பவர் ஓர் ஆய்வு மாணவி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலைமுடியை இறுக்கி முடிந்திருக்கிறார். நீலக் கையுறையின் விரல்நுனியில் பழுப்புக் கறை. கையில் ஒரு சீசா. சீசாவுக்குள் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று. அதுதான் மை. தண்ணீரில் கலந்த கிராஃபீன் ஆக்சைடு.

சீசாவைச் சாய்க்கிறார். பாகு நகரவில்லை. இன்னும் சாய்க்கிறார். மெல்ல ஒரு நாக்கு நீண்டு கண்ணாடியோரம் இறங்குகிறது. அவர் உதட்டைச் சுழிக்கிறார். சிறு எஃகுக் கரண்டியால் கொஞ்சம் வழித்துக் கண்ணாடிச் சில்லில் வைக்கிறார். குட்டி மேடாக நிற்கிறது. சில நொடிகளில் அதன் உச்சி தளர்ந்து பக்கவாட்டில் பரவுகிறது. குறிப்பேட்டில் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. சீசா மறுபடியும் மையவிலக்கு எந்திரத்துக்குள் போகிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் பிரியவேண்டும்.

இந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் வீட்டு அடுப்படியில். முறுக்கு மாவு இளகிப்போனால் பிழியும்போதே சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும். இறுகிப்போனால் உரலை அழுத்தும் கை நோகும், மாவு துண்டு துண்டாக அறுந்து விழும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அம்மா அதை விரலால் கண்டுபிடிப்பார். அந்த இடத்துக்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு: பதம். மூன்று நாளும் நான் பார்த்தது பதம் தேடுகிற வேலை.

மை சுழன்றுகொண்டிருக்கும் நேரத்தில் மாணவி பென்சிலால் குறிப்பேட்டில் கட்டம் போடுகிறார். இந்த அறையில் நடக்கும் அத்தனைக்கும் மூலப்பொருள் அந்தப் பென்சில் முனையிலேயே இருக்கிறது. கிராஃபைட் என்பது தாள்களின் அடுக்கு. கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து விரிந்த தாள்கள். ஒரு தாளின் கனம் ஓர் அணு. அடுக்குக்கு அடுக்கு 0.335 நானோமீட்டர். 1 மில்லிமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 30 லட்சம் தாள்கள் இருக்கும். அவை வழுக்கி உரிவதால்தான் பென்சில் எழுதுகிறது. அந்தத் தாள்களில் ஒன்றைத் தனியே எடுத்தால் அதன் பெயர் கிராஃபீன்.

அப்படித் தனியே எடுத்துக் காட்டியது இதே நகரத்தில்தான். கிராஃபைட்டின் மேற்பரப்பைப் புதுசாக்க ஒட்டுநாடாவை ஒட்டி உரித்துக் குப்பையில் போடுவது ஆய்வகங்களில் முன்பே இருந்த வழக்கம். அந்த நாடாவில் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஆந்திரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் அவர்களுடைய குழுவும் பார்த்தார்கள். 2004இல் கட்டுரை வந்தது. 2010இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு. இடையில் 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒற்றைத் தாளை ஊசிமுனையால் அழுத்தி அளந்தார்கள். அதன் வலிமை 130 கிகாபாஸ்கல் என்று வந்தது. அதுவரை அளந்த பொருள்களில் அதுதான் மிக வலியது.

ஒரு தாள் வலியதுதான். ஆனால் கையில் பிடிக்கிற பொருள் வேண்டுமென்றால் கோடானுகோடித் தாள்கள் சேரவேண்டும். சேரும்போது அவை ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் மறுபடியும் கிராஃபைட்தான், பழைய பென்சில்தான். 1 கிராம் கிராஃபீனை ஒற்றைத் தாளாக விரித்து இரு பக்கத்தையும் கணக்கிட்டால் 2630 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 65 சென்ட் நிலம். தாள்கள் ஒட்டிப்போனால் அந்த நிலம் முழுவதும் மூடிப்போகும். மின்சாரம் சேமிக்கவும், அழுக்கை உறிஞ்சவும், உயிரணு குடியேறவும் இடம் இராது.

சேரவேண்டும், ஆனால் ஒட்டக்கூடாது. இந்த அறையின் பாடு அவ்வளவும் இந்த ஒன்றுக்காக.

பழுப்பு மை அதற்கு முதல் உபாயம். கிராஃபைட்டைக் கந்தக அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஊறவைத்துத் தாள்களின்மேல் ஆக்சிஜனை ஏற்றுகிறார்கள். 1958இல் ஹம்மர்ஸ், ஆஃப்மன் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்னும் பெரும்பாலும் அதே வழியில் நடக்கிறது. ஆக்சிஜன் ஏறிய தாள் தண்ணீரோடு சேரும், பக்கத்துத் தாளைத் தள்ளி நிற்கும். அதற்குக் கொடுக்கிற விலை, மின்சாரம் கடத்தும் குணம். அதைப் பிறகு உலையில் மீட்கவேண்டும்.

திங்கள், பிற்பகல்

மூன்றாவது முறை வழித்து வைத்த மேடு அப்படியே நின்றது. குறிப்பேட்டில் சின்னதாக ஒரு சரிக்குறி.

மையைச் சிரிஞ்சில் ஏற்றிக் குமிழி போக மறுபடி சுழற்றினார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஒரு குமிழி தங்கினால் போதும், கோடு அந்த இடத்தில் அறுந்துவிடும். நாசிலின் துளை கால் மில்லிமீட்டர். எந்திரத்தில் பொருத்திவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. காற்றழுத்தத்தின் மெல்லிய சீற்றம் மட்டும். நாசில் நுனியில் ஈரமாக ஒரு பழுப்பு நூல் வந்தது. தகட்டின்மேல் ஒரு கோடு. திரும்பி வந்து பக்கத்தில் இன்னொன்று. நடுவே ஒரு நூலிடை. ஈர அரிசிமாவு விரல்வழியே இழையாக இறங்கும் இழைக்கோலம் நினைவுக்கு வந்தது. அதே நிதானம், அதே ஈரம்.

முதல் அடுக்கு முடிந்ததும் எந்திரம் கொஞ்சம் உயர்ந்து, குறுக்கே கோடுகளை இழுத்தது. அடுத்த அடுக்கு மறுபடி நெடுக்கே. விறகுக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் காற்றோட்டம் விடுவோமே, அதே அடுக்கு. ஒவ்வொரு நூலும் கீழே உள்ள இரண்டு நூல்களுக்கு நடுவே வெறும் காற்றில் பாலமாகக் கிடக்கிறது. தொய்யவில்லை.

ஏன் தொய்யவில்லை? மை சும்மா இருக்கும்போது தாள்கள் தாறுமாறாகக் கிடந்து ஒன்றுக்கொன்று தடையாக நிற்கின்றன. அழுத்தி நாசிலுக்குள் தள்ளும்போது அவை ஓட்டத்தின் திசையில் வரிசையாகி வழுக்கிக்கொண்டு வருகின்றன. வெளியே வந்து அழுத்தம் விட்டதும் பாகு மறுபடி இறுகி நிற்கிறது. பற்பசை குழாயில் இருந்து வந்து பிரஷ்ஷின்மேல் நிற்பதும் இதே குணத்தால்தான். அழுத்தினால் ஓடவேண்டும், விட்டால் நிற்கவேண்டும். மாணவி காலை முழுவதும் தேடியது இந்தப் பதத்தைத்தான்.

ஐந்தாவது அடுக்கில் ஒரு மூலை சரிந்தது. அவர் எந்திரத்தை நிறுத்தினார். முகத்தில் எரிச்சல் இல்லை. தகட்டைத் துடைத்தார், அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தார், மறுபடி முதல் கோடு. மாலைக்குள் நான்கு சதுரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் பக்கம் உள்ள பழுப்புக் கூடு.

அந்நேரம் எல்லாம் என் கண் சுவருக்கும் போய் வந்தது. சுவரில் சில ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பக்கங்கள் ஒட்டியிருந்தன. 2015, லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம், கலிஃபோர்னியா. அங்கே நூல் காற்றில் காய்ந்து நாசிலை அடைக்காதிருக்க ஐசோ-ஆக்டேன் திரவத்துக்குள்ளேயே அச்சிட்டார்கள். மை கெட்டிப்படச் சிலிக்கா தூள் சேர்த்தார்கள். எல்லாம் முடிந்தபின் அந்தத் தூளை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் கரைத்து வெளியேற்றினார்கள். கிடைத்த கூட்டை அதன் உயரத்தில் பத்தில் ஒரு பங்காக நசுக்கினாலும் திரும்ப எழுந்தது.

அதே ஆண்டில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். உடலுக்குள் தானே கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் வகைப் பாலிமரோடு கிராஃபீனைக் கலந்து, திடப்பொருளின் கன அளவில் 60 சதவீதம் கிராஃபீன் இருக்கும்படி, உயிரணு பற்றி வளரும் சாரம் ஒன்றை அச்சிட்டார்கள். அந்தச் சாரத்தின்மேல் மனிதத் தண்டணுக்கள் ஒட்டி வளர்ந்தன, நரம்பணுக்களின் சாயலைக் காட்டத் தொடங்கின.

அதற்கும் கீழே 2018, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சாண்டா குரூஸ். அச்சிட்ட கிராஃபீன் கூட்டின் சுவர்களில் மாங்கனீசு டை ஆக்சைடைப் படியவைத்து மின்தேக்கி செய்திருக்கிறார்கள். சாதாரணமாக மின்முனை தடித்தால் அயனிகள் உள்ளே போய்ச் சேர முடியாமல் திணறும். இதில் தெருக்கள் போல வழி விட்டு அச்சிட்டதால் 4 மில்லிமீட்டர் தடிமனிலும் வேலை குறையவில்லை. வழி விட்டால் ஊர் பெருத்தாலும் நடமாட்டம் நிற்காது.

திங்கள், மாலை

பெரியவர் ஒருவர் வந்தார். ஆய்வகத்தின் டெக்னீஷியன். நரைத்த மீசை, தடித்த கையுறை, முகத்தை மறைக்கும் தெளிந்த திரை. கையில் பெரிய ஃபிளாஸ்க். மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். அவர் ஊற்றியபோது மேசை விளிம்பில் வெள்ளைப் புகை வழிந்து தரையில் தவழ்ந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் ஊற்றுவதற்கும் மாணவி தகட்டை வைப்பதற்கும் நடுவே ஒரு தலையசைப்பு மட்டும். பல காலம் சேர்ந்து வேலை பார்த்தவர்களின் மொழி அது.

அடியில் நைட்ரஜனில் நிற்கும் ஒரு செம்புக் கட்டை. அதன் தலைமேல் பழுப்புக் கூடுகள். குளிர் கீழிருந்து மேலே ஏறுகிறது. நிறம் அடியிலிருந்து வெளிறிக்கொண்டே வருகிறது. உள்ளே பனி ஊசி ஊசியாக வளர்கிறது. தண்ணீர் பனியாகும்போது அந்நியப் பொருளைத் தன்னுள் சேர்க்காது, ஓரத்துக்குத் தள்ளும். தள்ளப்பட்ட கிராஃபீன் தாள்கள் பனி ஊசிகளுக்கு நடுவே சுவராக அடைகின்றன. கண்ணுக்குத் தெரியும் கூட்டை எந்திரம் கட்டியது. அதன் நூல் ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அறைகளைப் பனி கட்டுகிறது.

பனியை இன்னும் நெருங்கிய துணையாகக் கொண்டவர்களும் உண்டு. 2016இல் பஃபலோ பல்கலைக்கழகமும் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, மைனஸ் 25 டிகிரிக் குளிரில் கிராஃபீன் ஆக்சைடு கலந்த நீரைத் துளித்துளியாக அச்சிட்டன. விழுந்த துளி விழுந்த இடத்திலேயே உறைந்தது. தாங்கல் வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீரை அச்சிட்டார்கள். கடைசியில் கிடைத்ததன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிகிராம் வரை இறங்கியது. நாம் மூச்சுவிடும் காற்றே கன சென்டிமீட்டருக்கு 1.2 மில்லிகிராம். நுண்ணறைகளில் நிற்கும் காற்றைச் சேர்க்காமல் திடப்பொருளை மட்டும் எடை போட்ட கணக்கு அது. அச்சிட்ட பொருள்களில் அதுவே மிக இலேசானது என்று கின்னஸ் பதிவும் வந்தது.

உறைந்த கூடுகள் ஃப்ரீஸ் டிரையருக்குள் போயின. கதவு மூடியது. பம்ப் ஓடத் தொடங்கியது. வெயிலில் காயவைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். வற்றல் எப்படிச் சுருங்குகிறது என்று நினைத்தால் பதில் கிடைக்கும். தண்ணீர் திரவமாக இருந்து வற்றும்போது அதன் மேற்பரப்பு சுவர்களை இழுத்து ஒட்டவைத்துவிடும். அதனால்தான் உறையவைத்து, வெற்றிடத்தில் வைத்து, பனியை நீராகவிடாமல் நேரே ஆவியாக அனுப்புகிறார்கள். பள்ளிப் பாடத்தில் படித்த பதங்கமாதல் இதுதான். தண்ணீர் வெளியேறவேண்டும், அது இருந்த இடம் மட்டும் அப்படியே நிற்கவேண்டும்.

புதன்

டிரையரின் கதவைத் திறந்தபோது மாணவி குனிந்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். மூச்சுப் பட்டால் பறந்துவிடும்.

நான்கில் இரண்டு வெடித்திருந்தன. ஒன்று நடுவில், ஒன்று மூலையில். உறைந்த வேகம் சரியில்லை என்று பெரியவரிடம் மெல்லச் சொன்னார். நல்லவை இரண்டையும் எடுத்து வைத்தார். பிறகு வெடித்த இரண்டையும் அதே சாமணத்தால், அதே பதனத்தோடு எடுத்து, விளக்கின் கீழ் வைத்துப் படம் எடுத்தார். எண் எழுதிச் சிறு டப்பாவில் போட்டு மூடினார். அலமாரியைத் திறந்தபோது உள்ளே அப்படிப்பட்ட டப்பாக்கள் வரிசை வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் எண், தேதி, ஒரு வரிக் குறிப்பு. சுவரில் ஒட்டியிருந்த ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் இப்படி ஓர் அலமாரி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது உலை. நீளமான குவார்ட்ஸ் குழாய். நல்ல கூடுகள் இரண்டையும் சிறு பீங்கான் படகில் வைத்து உள்ளே தள்ளினார். ஆர்கான் வாயு ஓடத் தொடங்கியது. காற்று இருந்தால் எரிந்து போய்விடும், ஏனென்றால் இதுவும் கரிதான். வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டவேண்டும். அதுவும் சட்டென்று ஏறக்கூடாது. ஆக்சிஜன் அவசரமாக வெளியேறினால் தாள்கள் பிய்ந்துபோகும். நிமிடத்துக்குச் சில டிகிரி என்று நிதானமாக ஏறும்படி வைத்துவிட்டுப் போனார். இரவெல்லாம் உலை தனியே வேலை செய்தது.

வெள்ளி

படகு வெளியே வந்தது. போகும்போது பழுப்பு, வரும்போது கறுப்பு. சற்றுச் சுருங்கியிருந்தது, ஆனால் கட்டங்கள் அப்படியே நின்றன.

முதலில் எடை. தராசின் கண்ணாடிக் கதவை மூடினார். எண்கள் ஓடின. அவர் மூச்சை அடக்கினார். அறையின் மறுகோடியில் நானும் அடக்கினேன். 11 மில்லிகிராம். ஓர் அரிசிமணி ஏறக்குறைய 20 மில்லிகிராம் இருக்கும். அதில் பாதிதான் இந்தக் கூடு.

அடுத்தது மல்டிமீட்டர். இரண்டு முனைகளை இரு பக்கமும் மெதுவாகத் தொட்டார். பீப் என்று ஒலித்தது. உலைக்குள் போகும்முன் மின்சாரத்தைத் தடுத்த பொருள் இப்போது கடத்துகிறது. தாள்களின் பழைய குணம் திரும்பியிருக்கிறது.

கடைசியாக அழுத்தம். இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே கூட்டை வைத்தார். மேல்தட்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கியது. கூடு தாழ்ந்தது, பாதி உயரத்துக்கு வந்தது. கட்டங்கள் மூடிக்கொண்டன. இனி எழாது என்றுதான் எனக்குத் தோன்றியது. தட்டு மேலே போனது. அதைத் தொடர்ந்து கூடும் எழுந்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திரையில் கோடு ஏறி இறங்கி ஒரு வளையத்தை வரைந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி எழுந்தது. பத்து முறை. பத்தாவது முறை பழைய உயரத்துக்கு மயிரிழை குறைவு.

பெரியவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். மாணவி சிரித்தார். மூன்று நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு குறிப்பேட்டைத் திறந்து எடையை எழுதினார், அழுத்தத்தை எழுதினார், மயிரிழைக் குறைவையும் எழுதினார். அடுத்த மாதிரிக்கு எண் போட்டார். பழுப்புச் சீசாவை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார்.

ஐந்து நாள். அரிசிமணியில் பாதி எடை. இதுதான் இந்தத் துறையின் இன்றைய நிலவரம். வெளியே கிராஃபீன் என்ற பெயர் டென்னிஸ் மட்டையிலும் பெயின்ட்டிலும் ஷூ அடியிலும் ஓடுகிறது. 60 நிறுவனங்கள் விற்ற கிராஃபீன் தூளைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சோதித்து 2018இல் எழுதினார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை. மீதியில் பெரும்பங்கு வெறும் கிராஃபைட் தூள். ஒட்டிப்போன தாள்கள். பதம் தேடப் பொறுமை இல்லாத இடத்தில் கிராஃபீன் மறுபடி பென்சிலாகிவிடுகிறது.

ஆனால் அந்த அறையில் நான் பார்த்தது பொய் இல்லை. கோடித் தாள்கள் சேர்ந்து நின்றன, ஒட்டாமல் நின்றன. நசுக்கினால் மடங்கி, விட்டால் எழுந்தன. சாரமாக ஒருநாள் அது நரம்புக்குத் துணை நிற்கலாம், பேருந்தின் மின்தேக்கியில் அயனிகளுக்குத் தெருவாகலாம். அதற்கு இன்னும் எத்தனையோ டப்பாக்கள் அலமாரியில் ஏறவேண்டியிருக்கும். ஏறட்டும்.

அடுத்த முறை கிராஃபீன் உலகை மாற்றப் போகிறது என்று ஒரு தலைப்பைப் படித்தால், சீசாவைச் சாய்த்துப் பார்க்கும் அந்தக் கையை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். உலகம் மாறுமானால் அந்தக் கையில் பதம் வந்த பிறகுதான் மாறும்.